குற்றவாளி கிரைண்டரா?

திருப்பூரிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் காம்பவுண்டு வீடுகளில், ஓயாமல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வீடுகளுக்கு நடுவேயுள்ள முற்றம்தான் நீதிமன்றம். டி.வி. பழுதாகிப்போன வீட்டுக்காரர் வாதி. அந்த நேரத்தில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மையார் பிரதிவாதி. "அக்கா, நீங்க கிரைண்டரைப் போட்டாலே எங்க வீட்டு லைட்டு மங்குது, ஃபேன் தேங்குது. உங்களாலதான் டி.வி. போச்சு!" என்பது குற்றச்சாட்டு. "நேத்து ராத்திரி நீங்க மோட்டார் போட்டப்ப எங்க ஃப்ரிட்ஜ் உறுமிச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்பது எதிர்வழக்கு. தவணையில் வாங்கிய பெட்டி. பெட்டி போய்விட்டது; தவணை போகவில்லை. ஒரே ஆலையில், ஒரே ஷிப்டில், ஒரே இயந்திர வரிசையில் நிற்கும் இருவர், ஒரு விளக்கு மங்கியதற்காகப் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

நாம் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கிய பொருள் ஒரு நொடியில் கரியானால் எவருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: தீர்ப்பு எழுதுமுன் சாட்சியை விசாரித்தீர்களா? சுவருக்குள்ளும் கம்பத்திலும் ஓடும் கம்பியை ஒருவராவது கூண்டில் ஏற்றினீர்களா?

விசாரிப்போம், வாருங்கள்.

பார வண்டி தள்ளியவரைக் கேட்டுப் பாருங்கள். ஓடுகிற வண்டியை ஓட்டிச் செல்வது பெரிதல்ல. நிற்கிற வண்டியை நகர்த்துவதுதான் நெஞ்சைப் பிளக்கும். மோட்டாரும் அப்படித்தான். சுழன்றுகொண்டிருக்கும்போது அது குடிக்கும் மின்சாரம் அளவானது. நின்ற நிலையிலிருந்து எழும்பும் அந்த ஓரிரு நொடியில் மட்டும், அதைப் போல் 5 மடங்கு, 6 மடங்கு, சில வேளை 7 மடங்கு இழுக்கும். கிணற்று மோட்டார், ஃப்ரிட்ஜ், ஏ.சி., கிரைண்டர், மிக்சி எதற்கும் இந்த இயல்பு உண்டு. இது பழுதல்ல, மோட்டாரின் பிறவிக் குணம். ('இன்வெர்ட்டர்' வகை என்று இப்போது விற்கும் ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் மெல்ல மெல்ல வேகம் பிடிப்பதால் இந்த இழுப்பு அவற்றில் குறைவு, விலைதான் கூடுதல்!)

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 குதிரைச் சக்தி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது 6 ஆம்பியர் வாக்கில் எடுக்கும். எழும்பும்போது 30 ஆம்பியரைத் தொடும். இனிக் கம்பியைப் பாருங்கள். காம்பவுண்டு வாசலில் மீட்டர். அங்கிருந்து 25 மீட்டர் தொலைவில் வீடுகள். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே கம்பி. அதுவும் 1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய செம்புக் கம்பி. போக 25, வர 25, ஆக 50 மீட்டர். அந்தக் கம்பியின் தடை ஏறக்குறைய 0.9 ஓம். 30 ஆம்பியர் அதன் வழியே பாய்ந்தால் 27 வோல்ட்டை அந்தக் கம்பியே தின்றுவிடுகிறது. வாசலில் 230 இருந்தாலும் வீட்டுக்கு வந்து சேர்வது 203. விளக்கு மங்காமல் என்ன செய்யும்?

அதே மோட்டாரை, அதே வீட்டை, அதே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை மட்டும் 4 சதுர மில்லிமீட்டராக மாற்றுங்கள். இழப்பு 7 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எவர் கண்ணுக்கும் தெரியாது. மாவாட்டும் அம்மையாரின் கிரைண்டரோ இந்த மோட்டார் முன் ஒரு பூனைக்குட்டி. மேசைமேல் வைக்கும் கிரைண்டர் 150 வாட் வாக்கில் எடுப்பது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி 1000 வாட். வெந்நீர் ஹீட்டர் 2000 வாட். 150 வாட் கல் சுழலும்போதே வீடு தள்ளாடுகிறது என்றால், கல்லையா சந்தேகிப்பது?

1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1957 ஜூலை 1-ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்சார வாரியம் பிறந்தது. மின்சாரம் எளியவர் வீட்டுக்கு வந்த தொடக்க நாட்களில், வீடு என்றால் இரண்டு விளக்கு, வசதி இருந்தால் ஒரு மின்விசிறி. அந்தக் கணக்குக்குப் போட்ட கம்பி அது. பிறகு காலம் மாறியது. 2006 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு தேடி வந்தது. 2011 முதல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. இவை வேண்டாத ஆடம்பரம் என்று பேசும் மேதாவிகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆட்டுக்கல்லில் குனிந்து குனிந்து இடுப்பொடிந்த தாய்மார்களைக் கேட்டு வந்து அந்த மேதாவிகள் பேசட்டும். எளியவர் வீட்டில் மோட்டார் சுழல்வது நல்லதே. இன்னும் சுழல வேண்டும். ஆனால் வீட்டுக்குள் வந்த பொருள்கள் பெருகிய வேகத்துக்கு, வீட்டுக்கு வரும் கம்பி பருத்ததா? தெருவுக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் கூடியதா? கூடிய இடங்களும் உண்டு. கூடாத இடங்களில்தான் முற்றத்து வழக்கு நடக்கிறது.

இனி டி.வி.யின் சாவுக்கு வருவோம். விளக்கு மங்குவதால் டி.வி. சாகிறது என்பது பரவலான நம்பிக்கை. பழைய பெரிய பெட்டி நாட்களில் படம் சுருங்கும், நெளியும். அந்த அனுபவத்தில் பிறந்த நம்பிக்கை அது. இன்றைய தட்டை டி.வி.யின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று பெரும்பாலானவற்றில் அச்சிட்டிருக்கும். செல்பேசி சார்ஜரிலும் அதே எழுத்துத்தான். 200-க்கு இறங்கினால் அது சட்டை செய்யாது. ஆகவே, கிரைண்டர் போடும்போது விளக்கு மங்கியது என்பதைக் காட்டி டி.வி. கொலைக்குத் தண்டனை கொடுக்க முடியாது.

குறைந்த வோல்டேஜ் உண்மையில் யாரைக் கொல்கிறது? மோட்டாரைத்தான். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் எழும்ப முயன்று, வலு போதாமல், எழும்ப முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும். நிற்கும் நேரமெல்லாம் அந்த 5, 6 மடங்கு மின்சாரம் சுருளில் பாய்ந்துகொண்டிருக்கும். சூடேறும், உள்ளிருக்கும் காப்பு கருகும். உறுமிய ஃப்ரிட்ஜைச் சொன்னாரே அந்த அம்மையார், அவர் வழக்கில்தான் சாரம் இருக்கிறது! மின்சாரம் போய் உடனே திரும்பும்போதும் இதே ஆபத்து உண்டு. கம்ப்ரசருக்குள் வாயுவின் அழுத்தம் சமன்பட மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்குள் ஓடச் சொன்னால் அது திணறும். போதாக்குறைக்கு, தெரு முழுவதும் நின்றுபோன மோட்டார்கள் அத்தனையும் ஒரே நொடியில் எழும்பப் பார்க்கும். ஆகவே மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ், ஏ.சி. சுவிட்சுகளை அணைத்து வைத்து, வந்து மூன்று நான்கு நிமிடம் கழித்துப் போடுவது காசு செலவில்லாத காப்பு.

அப்படியானால் டி.வி.யைக் கொல்வது எது? மிகுந்த வோல்டேஜ். அது எங்கிருந்து வருகிறது? மோட்டார் நிற்கும் நொடியில் ஒரு சிறு துள்ளல் எழுவது உண்மை. ரேடியோவில் 'டக்' என்று கேட்குமே, அது. இடி மின்னல் கொண்டுவருவது அதைவிடப் பெரிது. ஆனால் தெருவோடு பத்து வீட்டு டி.வி.யையும் விளக்கையும் ஒரே இரவில் பலி வாங்கும் பெரும்பாவி வேறொருவன். அவன் பெயர் அறுந்த நியூட்ரல்.

இதைச் சற்று நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டும். தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் ஓடுகின்றன. உங்கள் வீட்டுக்கு ஒரு ஃபேசும் நியூட்ரலும். எதிர் வீட்டுக்கு வேறொரு ஃபேசும் அதே நியூட்ரலும். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஃபேசுக்கும் ஃபேசுக்கும் இடையே 400 வோல்ட். எல்லா வீட்டு மின்சாரமும் திரும்பிப் போகும் பொதுப்பாதை நியூட்ரல். அந்தப் பாதை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அறுந்தால், அல்லது இணைப்பு துருப்பிடித்துத் தளர்ந்தால் என்ன ஆகும்? மின்சாரம் உங்கள் வீட்டுக்குள் புகுந்து, எதிர் வீட்டின் வழியாக வெளியேறப் பார்க்கும். இரண்டு வீடும் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் நிலை. அந்தப் பங்கிலாவது நியாயம் உண்டா என்றால் இல்லை. எதிர் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, உங்கள் வீட்டில் 100 வாட் டி.வி. என்றால், பெட்டிக்குக் கிடைப்பது 40-க்கும் கீழே, டி.வி.யின் தலையில் இறங்குவது 360-க்கும் மேலே! பளுவுள்ள வீடு தப்பும்; பளுவில்லாத வீடு எரியும். ஒரு டி.வி.யும் இரண்டு விளக்குமாக வாழும் எளிய வீட்டின் மீதே இந்த இடி முதலில் விழுகிறது.

இதற்கு முன்னறிவிப்பு உண்டு. இதை ஒவ்வொரு தோழரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெரிய பொருள் ஒன்றைப் போடும்போது விளக்கு மங்கினால் கம்பி மெலிவு. அப்போது எங்காவது ஒரு வீட்டில் விளக்கு கூடுதலாக ஒளிர்ந்தாலோ, மின்விசிறி திடீரென்று வேகம் பிடித்தாலோ, நியூட்ரல் தளர்ந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். "இன்னைக்குக் கரண்டு நல்லா வருதே" என்று மகிழ்ந்து உட்காரும் நேரமல்ல அது. மெயின் சுவிட்சை அணையுங்கள், ஈ.பி.க்குச் சொல்லுங்கள், பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். கம்பத்தில் ஏறுவதும், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவதும் நமது வேலையல்ல. துணிச்சல் என்று எண்ணிச் செத்தவர்கள் போதும்.

இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் மட்டுமே மின்சாரத்தைக் கெடுக்கிறது, டி.வி.யும் கணினியும் பாவம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த மின்னணுப் பொருள்கள் சீராகக் குடிப்பதில்லை. மடக் மடக்கென்று விட்டு விட்டுக் குடிக்கின்றன. அதனால் எழும் அதிர்வுகளில் ஒரு வகை, மூன்று ஃபேசிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடிச் சேர்கிறது. ஆக, நியூட்ரலைச் சூடேற்றுவதில் வாதியின் வீட்டு டி.வி.க்கும் பங்கு உண்டு!

"ஸ்டெபிலைசர் வாங்கிக்கொள்ளட்டுமே" என்று சொல்வார்கள். சொல்பவர் யார் என்று பாருங்கள், வாங்க முடிந்தவர்கள். ஸ்டெபிலைசர் மெல்ல ஏறி இறங்கும் வோல்டேஜைத் திருத்தும், ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் அது தேவைப்படும் ஊர்கள் உண்டு. கண்ணிமைக்கும் நேரத்துத் துள்ளலை அது பிடிக்காது. அதற்கு வேறு கருவி. வரம்பு மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியும் கிடைக்கிறது, அறுந்த நியூட்ரலுக்கு அதுவே ஏற்றது. வாங்க முடிந்தவர் வாங்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் வாரியம் சீராகக் கொடுக்க வேண்டிய ஒன்றை, வாங்குகிறவன் தன் வீட்டில் பெட்டி வைத்துச் சீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்? கல்லும் மண்ணும் கலந்த அரிசியை விற்றுவிட்டு, "முறம் வாங்கிக்கொள்" என்று கடைக்காரன் சொன்னால் ஏற்போமா?

விளக்கு மங்கும் இடத்தைக் கொண்டே கோளாறு எங்கே என்று கண்டுகொள்ளலாம். உங்கள் வீட்டில் மட்டும் மங்கினால் உங்கள் வீட்டு ஒயரிங். காம்பவுண்டில் எல்லா வீடும் மங்கி, எதிர்த் தெரு மங்காவிட்டால், காம்பவுண்டு வாசலிலிருந்து உள்ளே வரும் கம்பி. அது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. தெருவே மங்கினால் டிரான்ஸ்ஃபார்மரும் தெருக் கம்பியும். அது வாரியத்தின் பொறுப்பு.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சில வார்த்தை. எல்லாரையும் சொல்லவில்லை. ஆனால் பல காம்பவுண்டுகளில் பத்து வீட்டுக்கும் ஒரே சர்வீஸ். உள்ளே பத்து 'சப் மீட்டர்'. யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை. 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. இணைப்பு ஒன்றே என்றால் சலுகையும் ஒன்றே, அது குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்வதும் அரிது. பத்து வீட்டின் பளுவையும் சுமப்பது அந்த ஒற்றை மெல்லிய கம்பி. பல வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. மூன்று முள் பிளக்கில் மூன்றாவது முள் வெறும் அலங்காரம். வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது. கம்பி மட்டும் கட்டிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. வீட்டுக்கு ஒரு தனி மீட்டர், பருமனான கம்பி, முறையான எர்த் வேண்டும் என்று பத்து வீட்டாரும் கையெழுத்திட்டுக் கேட்டால் சொந்தக்காரர் என்ன செய்வார்? பத்து வீட்டையும் ஒரே நாளில் காலி செய்யச் சொல்வாரா? ஒருவர் கேட்டால் சொல்வார். அதனால்தான் ஒருவராகக் கேட்காதீர்கள் என்கிறோம்.

வாரியத்திடம் கேட்பதற்கும் உரிமை உண்டு; சலுகை கேட்பது போல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54-ஆவது விதியே, வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜ் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றது. அந்த அளவை இன்றைய 230-க்கு வைத்துப் பார்த்தால் 216-க்குக் கீழே இறங்கக்கூடாது, 244-க்கு மேல் ஏறக்கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, வகுக்கப்பட்ட தரத்தில் வழங்கத் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு. சட்டம் இருக்கிறது, தோழர்களே! மனு எங்கே? வாரியம் 2010-இல் பிரிந்தது, 2024-இல் மறுபடி பிரிந்தது. இன்று வீட்டுக்கு மின்சாரம் வழங்குவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் எத்தனை மாறினால் என்ன, பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய தாள் ஒன்றே பேசும். வாய்ச் சொல் மாலையோடு மறைந்துவிடும்.

மனுவில் கோபத்தைக் கொட்ட வேண்டாம், கணக்கைக் கொட்டுங்கள். ஒரு வாரம், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 10 வரையும், அரை மணிக்கு ஒரு முறை வோல்டேஜ் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். ஆலையில் மின்பிரிவில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் இல்லாத தெரு உண்டா? அவரிடம் மீட்டர் இருக்கும். எத்தனை வீடு, எந்தெந்த நாள், என்னென்ன பொருள் பழுதானது, பழுது பார்த்த ரசீது, டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் எண் ஆகியவற்றோடு உதவிப் பொறியாளர் முன் போய் நின்றால், அவரும் மேலிடத்துக்கு எழுத ஓர் ஆதாரம் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமென்று அவரே கேட்டுக் கேட்டுச் சலித்தவராகவும் இருக்கக்கூடும்.

போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே எதிரில் வரும் லைன்மேனும் வயர்மேனும் நம்மவர்கள். மழையில், இருட்டில், கையுறைகூடச் சரியாக இல்லாமல் கம்பம் ஏறுபவர்கள். காலி இடங்களை நிரப்பு, ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு என்று அவர்கள் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன. மூன்று பேர் பார்க்க வேண்டிய பகுதியை ஒருவர் பார்த்தால், தளர்ந்த நியூட்ரலை யார் போய் முறுக்குவது? உங்கள் வீட்டு டி.வி. எரிந்ததற்கும் அந்தக் காலி இடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அவர்கள் கோரிக்கையையும் நம் மனுவில் ஒரு வரியாகச் சேர்ப்போம்.

"இதெல்லாம் கட்சிக் கிளையின் வேலையா? கொடி ஏற்றுவதும் கூட்டம் போடுவதும் போதாதா?" என்று ஒரு சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. அவர்கள் ஒரு மாலைப் பொழுது காம்பவுண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்து வரட்டும். மாவாட்டிய அம்மையாரும் டி.வி. இழந்த தோழரும் முகம் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று கேட்டு வரட்டும். கேட்ட கையோடு, அவர்கள் இருவர் கையெழுத்தையும் மனுவின் முதல் இரண்டு வரியில் வாங்கி வரட்டும். கோடை தொடங்கி ஏ.சி.கள் ஓடத் தொடங்குமுன் அந்த மனு பிரிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.